துணி அணையாடையை யார் வாங்கலாம்?

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பெண்கள் குழு தைத்து விற்கும், மாதவிடாய்க் காலத்தில் அணிந்து, துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய துணி அணையாடையைப் பற்றிய மதிப்பீடு இது. நான் மலையகப் பாடசாலை ஒன்றில் மனைப்பொருளியல் கற்பிக்கிறேன். சொந்த வீடு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருக்கிறது. ஆகவே கிணறும் முற்றமும் நல்ல வெயிலும் உள்ள வீட்டிலும், மூடுபனியும் ஈரமும் நிறைந்த ஊரில் பல ஆசிரியைகள் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் விடுதியிலும் இதைப் பயன்படுத்திப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. பொருள் நல்ல பொருள். தையல் நேர்த்தியானது. ஓர் ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் கடைப் பொதியைவிட மலிவானது. ஆனால் அந்த மலிவு ஒருவருக்குக் கைகூட வேண்டுமானால், போதிய நல்ல தண்ணீரும், துணி உலர வெயில் படும் ஓர் இடமும், கூச்சமின்றித் துவைக்க ஒரு மறைவும் அவரிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். இவை யாரிடம் இருக்கின்றன, யாரிடம் இல்லை என்று பார்க்காமல் இந்தப் பொருளை எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்படி ஒன்றைத் தேடும் நிலை ஏன் வந்தது என்று இலங்கையில் வாழும் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை; வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். இறக்குமதியாகும் சுகாதார அணையாடைகள்மீது இந்த நாட்டில் பல வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விதிக்கப்பட்டிருந்தன. 2018 செப்டெம்பர் வரை அவற்றின் மொத்தச் சுமை 101.2 சதவீதம், அதாவது பொருளின் பெறுமதியை விடவும் அதிகம். அந்த மாதம் செஸ் எனப்படும் மேலதிக இறக்குமதி வரி நீக்கப்பட்ட பிறகு அது 62.6 சதவீதமாகக் குறைந்தது. மாதந்தோறும் தவிர்க்க முடியாமல் தேவைப்படும் ஒரு பொருளுக்கு இவ்வளவு வரி விதிக்கலாம் என்று நினைத்தவர்கள் ஒருநாளேனும் அதை வாங்கக் கடைக்குப் போயிருப்பார்களா என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பிறகு 2022 வந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலரின் பெறுமதி சில வாரங்களுக்குள் 360 ரூபாய் வரை ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. உள்நாட்டில் தயாராகும் அணையாடைக்கும் மூலப்பொருட்கள் வெளிநாட்டிலிருந்தே வருவதால், இலங்கைத் தயாரிப்பு என்று அச்சிட்ட பொதிகளின் விலையும் டொலரோடு சேர்ந்தே ஏறியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் ஐந்து மூலப்பொருட்களுக்கு வரிச்சலுகை அறிவிக்கப்பட்டபோது, பத்து அணையாடைகள் கொண்ட உள்நாட்டுப் பொதி 50, 60 ரூபாய் குறைந்து 260 முதல் 270 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். நிவாரணத்துக்குப் பிறகான விலையே அதுதான்.

270 ரூபாயை ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் கையிலிருந்து பார்க்க வேண்டும். அப்போது அவருடைய நாட்சம்பளம் 1,000 ரூபாய். 2024இல்தான் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆகியது. சுகாதார நூல்கள் சொல்வதுபோல நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால், நாளொன்றுக்கு நான்காக ஐந்து நாட்களுக்கு இருபது அணையாடைகள் வேண்டும். ஒரு பெண்ணுக்கு மாதம் இரண்டு பொதி. தாயும் வயதுக்கு வந்த இரண்டு பெண்பிள்ளைகளும் உள்ள வீட்டில் ஆறு பொதி, 1,620 ரூபாய். ஒன்றரை நாளுக்கும் மேல் கொழுந்து பறித்த காசு. அந்தக் காசில் மாவும் அரிசியும் பருப்பும் வாங்க வேண்டியிருக்கும் வீட்டில் எதை முதலில் விட்டுவிடுவார்கள் என்று கேட்கத் தேவையில்லை. காலையில் வைத்த ஒன்றையே மாலை பாடசாலை விட்டு வீடு திரும்பும்வரை வைத்திருக்கும் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். எழுந்தால் தெரிந்துவிடும் என்ற பயத்தில் இடைவேளையிலும் கதிரையை விட்டு எழமாட்டார்கள். நெருக்கடிக்கு முன்பும் நிலைமை நன்றாக இருக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வுத் தரவுகளில், மாதவிடாய் வயதுப் பெண்கள் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி, அணையாடைக்கென்று எந்தச் செலவையும் பதிவு செய்திருக்கவில்லை.

இனி பொருளுக்கு வருகிறேன்.

நான் வாங்கிய பொதியில் நான்கு அணையாடைகளும் ஒரு சிறிய துணிப்பையும் இருந்தன. விலை 1,800 ரூபாய். மூன்று பகலுக்கும் ஒன்று இரவுக்கும். இரவுக்கானது ஏறத்தாழ ஒரு சாண் நான்கு விரல் நீளமும் பின்பக்கம் அகன்ற விரிவும் கொண்டது. இருபுறமும் சிறகு போன்ற மடிப்புகள் உள்ளன. உள்ளாடையைச் சுற்றி மடித்து, அமுக்குப் பொத்தானால் பூட்டிக்கொள்ள வேண்டும். மேலே படும் துணி மென்மையான பருத்தி. அடியில் இருப்பது பொலியூரிதேன் படலம் ஒட்டிய, தண்ணீர் கசியாத துணி. உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய, பகல் அணையாடை ஒன்றின் ஓரத் தையலைப் பிரித்து மேசையில் விரித்தேன். துவாய்த்துணி இரண்டு மடிப்பாக, நடுவில் மட்டும் மூன்றாவது மடிப்பு ஒன்றும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஓட்டம் அதிகம் படும் இடத்தில் தடிப்பாகவும், தொடையை உரசும் ஓரங்களில் மெல்லியதாகவும் இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த வேலை அது. ஓரம் முழுவதும் நூல் பிரியாமல் பூட்டுத் தையல் போட்டிருந்தார்கள். வகுப்பில் மாணவியருக்குத் தையல் கற்பிப்பவள் என்ற முறையில், அந்தத் தையலுக்கு நான் தாராளமாகவே புள்ளி போடுவேன்.

ஒரு குறையும் அங்கேயே இருந்தது. உள்மடிப்புகள் விலகாமல் இருப்பதற்காக நடுவில் நீளவாட்டில் இரண்டு தையல் ஓட்டியிருந்தார்கள். அந்தத் தையல் அடித்துணி வரைக்கும் ஊடுருவியிருந்தது. ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வழி. வெள்ளைத்தாளின்மேல் வைத்து, கரண்டியால் தண்ணீரை மெதுவாக ஊற்றி, உள்ளங்கையால் அழுத்தியபோது, தாளில் இரண்டு ஈரக்கோடுகள் தையல் போன வழியே நேராகத் தெரிந்தன. ஓட்டம் குறைந்த நாட்களில் இது ஒரு பொருட்டே அல்ல. இரண்டாம் நாளில், அதுவும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பவருக்கு, இது வெள்ளைச் சீருடையில் கறை என்று பொருள். இதைக் குழுவுக்கு எழுதி, பிரித்த அணையாடையையும் அனுப்பினேன். அடுத்து வாங்கிய பொதியில், மடிப்புகளை மேல் துணியோடு மட்டும் சேர்த்துத் தைத்து, கசியாத அடித்துணியை ஓரத்தில் மட்டுமே பிணைத்திருந்தார்கள். அதே தாள், அதே கரண்டி, ஈரக்கோடு இல்லை. சொன்னதைக் காதில் வாங்கித் திருத்தும் உற்பத்தியாளர்கள் அரிது என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன். 2009இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் வாழ்ந்த பெண்கள் பலர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். குளிக்கவே தண்ணீர் போதாத இடத்தில் துணியைத் துவைத்துக் காயவைத்த அனுபவம் எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அணிந்திருக்கும்போது கிடைக்கும் சுகத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. கடையில் வாங்கும் அணையாடையின் மேற்பரப்பு பெரும்பாலும் பிளாஸ்டிக் இழையால் ஆனது. வியர்வையும் உராய்வும் சேரும்போது தொடையிடுக்கில் தோல் சிவந்து எரியும். யாழ்ப்பாணத்து வைகாசி வெக்கையில் அந்த எரிச்சலை அனுபவித்தவர்களுக்குப் பருத்தித் துணியின் அருமை முதல் நாளே விளங்கிவிடும். பழைய சீலைத்துணியை மடித்து வைத்த நம் அம்மம்மாமாருக்கும் இந்தச் சுகம் தெரிந்திருந்தது. துணி விலகுவதும், நனைவதும், நடக்கும்போது கவனமெல்லாம் அதன்மேலேயே இருப்பதுமே அவர்களுக்கு இருந்த தொல்லை. பொத்தானும் கசியாத அடித்துணியும் அந்தத் தொல்லையைப் பெருமளவு தீர்த்துவிடுகின்றன. முதல் மாதத்தில் மட்டும் துணி அவ்வளவாக உறிஞ்சாது. புதுத்துணியின் கஞ்சி போகும்படி இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். இதைக் குழு தன் துண்டுப்பிரசுரத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் எழுத்து மிகச் சிறியது.

துவைக்கும் முறையில் தவறக் கூடாதவை சில உண்டு. முதலில் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் இரத்தக்கறை துணியில் பிடித்துக்கொள்ளும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, சாதாரணச் சவர்க்காரத்தால் கசக்கி, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். வெளிற்றும் திரவம் கூடாது. கசியாத படலம் அதனால் வெடித்துப்போகும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் கூடாது. அது இழைகளின்மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். பிறகு நன்றாக உலர வேண்டும், வெயிலில் என்றால் மிகவும் நல்லது. அரைகுறையாக உலர்ந்ததைத் திரும்ப வைத்தால் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் வர இடமுண்டு.

வலிகாமத்து வீட்டில் இவற்றில் எதுவும் சிரமமாக இல்லை. கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் துவைத்து, வாழைக்குப் பின்னால் கட்டிய கொடியில் போட்டால், பகல் அணையாடை மதியத்துக்குள் உலர்ந்துவிடும். இரவுக்கானது பின்னேரம் வரை எடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் இரண்டு நாள் ஆகும். ஆகவே நான்கு போதாது. ஒருவருக்கு ஏழு எட்டாவது வேண்டும் என்பது என் கணிப்பு. அதாவது இரண்டு பொதி, 3,600 ரூபாய். கடைப் பொதிக்கு மாதம் 540 ரூபாய் செலவழிப்பவர் ஏழு மாதத்தில் அந்தக் காசை மீட்டுவிடுவார்; பிறகு செலவு சவர்க்காரத்துக்கு மட்டுமே. கவனமாகத் துவைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்படும் என்று குழு சொல்கிறது. தையலைப் பார்த்தால் நம்பலாம் என்றே தோன்றுகிறது.

அதே யாழ்ப்பாண மாவட்டத்தில், தீவகத்தில் பிறந்து வளர்ந்த என்னுடைய சகஆசிரியை ஒருவரிடம் ஒரு பொதி கொடுத்தேன். அவருடைய ஊர்க் கிணறு சவர்த்தண்ணீர்; குடிக்கும் தண்ணீர் பவுசர் எனும் தண்ணீர் வண்டியில் வருவது. சவர்த்தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தண்ணீரிலுள்ள உப்புகளோடு சேர்ந்து திரிதிரியாகத் துணியில் ஒட்டிக்கொள்ளும். சில மாதங்களில் அவருடைய அணையாடையின் மேல் துணி மரமரத்து, விரலால் தடவினால் சுரசுரவென்று ஆகிவிட்டது. நான் அதே காலத்தில் பயன்படுத்தியதோ இன்னும் மிருதுவாக இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டியிருக்கிறது என்றும், குடிக்க வாங்கிய தண்ணீரில் இதை அலசுவதை வீட்டில் பெரியவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அஞ்சுவதாகவும் அவர் சொன்னார். பவுசர் தண்ணீரைக் குடத்தால் கணக்குப் பார்க்கும் வீட்டில், துணி அணையாடையின் விலையோடு அந்தக் குடங்களையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

மலையகத்தில் தண்ணீர் நல்லது, பீலி எனும் நீர்க்குழாயில் ஓயாமல் ஓடுகிறது. அங்கே சிக்கல் உலர்த்துவதில்தான். வைகாசியில் தொடங்கி மாதக்கணக்காக மழையும் மூடுபனியும் விலகாத இடத்தில், தடித்த இரவு அணையாடை மூன்றாம் நாளிலும் நடுவில் ஈரமாகவே இருக்கும். கையால் தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால்தான் உள்ளே குளிர்ச்சி இருப்பது தெரியும். விடுதியில் எனக்கென்று ஓர் அறை இருப்பதால் சன்னலோரம் தொங்கவிட முடிகிறது. தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயன் காம்பராவில் அந்த வசதி ஏது? ஒரே அறையும் ஒரு குசினியும், வாசலில் எல்லோருக்கும் பொதுவான கொடி, பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு பீலி. அந்தப் பீலியில்தான் குளிப்பதும், பாத்திரம் கழுவுவதும், குடிக்கத் தண்ணீர் பிடிப்பதும். என் மாணவி ஒருத்தியின் தாய் கொடியில் முதலில் அணையாடையைப் போட்டு, அதன்மேல் தன்னுடைய பாவாடையை விரித்துவிடுவார். மேலே பார்க்கிறவர்களுக்குப் பாவாடை மட்டுமே தெரியும். அதன் கீழே வெயிலும் போகாது, காற்றும் போகாது. மழை நாட்களில் அடுப்புக்கு மேலே விறகு அடுக்கும் பரணில் வைத்துக் காயவைப்பார். அந்தப் பிள்ளையின் புத்தகப்பையைத் திறந்தால் புகைவாசம் வரும்.

துடக்கு, அதாவது தீட்டு என்ற எண்ணம் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. வீட்டில் விளக்கு வைக்கும் இடத்துக்கு எதிரே கொடி கட்டக் கூடாது, ஆண்பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது, தகப்பன் குளிக்கும் வாளியில் ஊறவைக்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கட்டுப்பாடு. பிள்ளை பூப்பெய்தியதும் சாமத்தியச் சடங்குக்கு மண்டபம் எடுத்து, படம் பிடித்து, ஊரையே அழைக்கும் நாம், அதே பிள்ளையின் துணி உலர ஒரு முழக் கொடியை வெளிச்சத்தில் விட மறுக்கிறோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விடயம், பெற்றோர் கூட்டங்களில் இதை நேராகவே சொல்லியும் வருகிறேன். வெயில் என்பது இந்தப் பொருளுக்கு ஒரு கிருமிநாசினி. அதை மறைப்பது மருந்தைப் பூட்டி வைப்பதற்குச் சமம்.

பாடசாலைக்கும் வேலைக்கும் இது எந்தளவுக்கு உகந்தது என்று கேட்டால், என் பதில் சற்று கவனமானது. மாற்றிய அணையாடையை எறிய முடியாது, வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். குழு தரும் துணிப்பையின் உள்பக்கத்திலும் அதே கசியாத துணி தைக்கப்பட்டிருக்கிறது. மடித்து வைத்தால் ஈரமும் வாடையும் வெளியே வருவதில்லை. ஆனால் மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும், கை கழுவத் தண்ணீரும் வேண்டும். இரண்டும் இல்லாத பாடசாலைகள் பல. கொழுந்து மலையில் நிலைமை அதைவிடக் கடினம். காலையில் மலைக்குப் போகும் பெண்களுக்குப் பின்னேரம்வரை கழிப்பறை என்று ஒன்று இல்லை. புதர் மறைவில் நின்று பொத்தானைக் கழற்றிப் பூட்டுவது சொல்வதுபோல் எளிதல்ல, அட்டையும் ஏறும். வேலை நேரத்துக்குக் கடை அணையாடையும், வீட்டிலிருக்கும் நேரத்துக்கும் இரவுக்கும் துணியும் என்று கலந்து பயன்படுத்தும் ஒரு தாய், மாதம் இரண்டு பொதி வாங்கியதை ஒன்றாகக் குறைத்திருக்கிறார். முழுவதுமாக மாற வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தாமல், இந்தக் கலப்பு முறையையே நான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

விலையைப் பற்றி இன்னொன்று. ஆண்டுக் கணக்கில் மலிவானது என்ற வாதம், 3,600 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடிந்தவர்களுக்குத்தான் பொருந்தும். அந்தத் தொகை இல்லாதவர் 270 ரூபாய்ப் பொதியை மாதாமாதம் வாங்கி, ஆண்டு முடிவில் கூடுதலாகச் செலவழிப்பார். குழு இதை உணர்ந்து, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் வழியாகத் தவணைக்குக் கொடுக்கிறது. மாதம் 300 ரூபாய். தனி அணையாடையாகவும் வாங்கலாம். நான் வாங்கியபோது இந்த வசதி கிளிநொச்சியிலும் அயல் ஊர்களிலும் மட்டும் இருந்தது. மலையகத்துக்குத் தபாலில் எடுத்தால் முழுக் காசும் முதலிலேயே கட்ட வேண்டும், தபாற்செலவு வேறு. மிகவும் தேவைப்படுபவர்களுக்குத் தவணை எட்டவில்லை என்பது என்னுடைய முதன்மையான முறைப்பாடு.

மற்ற தெரிவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிக்கோன் மாதவிடாய்க் கிண்ணம் பல ஆண்டுகள் உழைக்கும், உலர்த்தும் சிக்கலும் இல்லை. ஆனால் இறக்குமதிப் பொருள், விலை பல ஆயிரம், உள்ளே வைத்துப் பழகத் தயக்கம், கொதிக்கவைக்கத் தனிப் பாத்திரம் என்று தடைகள் பல. மணமாகாத பெண்பிள்ளைகளுக்குத் தாய்மார் அதை வாங்கிக்கொடுக்க இன்னும் ஒப்புவதில்லை. கடை அணையாடை வசதியானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பயன்படுத்தியதை எறிவதற்கு இடம் இல்லை. தோட்டங்களில் பொதுக் கழிப்பறைக் குழியில் போட்டு அடைத்துக்கொள்வதும், யாரும் இல்லாத நேரம் பார்த்து எரிப்பதும் வழக்கம். பிளாஸ்டிக் படலமும் உறிஞ்சும் பசைத்தூளும் கொண்ட அது ஈரத்தோடு எரிய மறுத்து, நெடுநேரம் புகைந்துகொண்டே இருக்கும்.

அரசாங்கம் 2024இல் ஏறத்தாழ 8 இலட்சம் மாணவியருக்கு 1,200 ரூபாய் பெறுமதியான வவுச்சர் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதை மனமார வரவேற்கிறேன். பாடசாலையில் அணையாடை என்ற சொல்லை அதிபர் ஒலிவாங்கியில் சொன்னதே எங்கள் பிள்ளைகளுக்குப் புது அனுபவம். 270 ரூபாய் கணக்கில் அது நான்கு பொதி. ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதம். இத்தகைய தொகையோடு ஒரு பகுதியையாவது துணி அணையாடையாகக் கொடுத்து, பாடசாலைக் கழிப்பறைக்குத் தண்ணீர்க்குழாயும் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தால், அதே காசு ஆண்டு முழுவதற்கும் பயன்படும். தண்ணீர்க்குழாய் இல்லாமல் அணையாடையை மட்டும் கொடுத்தால், மேற்சொன்ன எல்லாச் சிக்கலும் அந்தப் பிள்ளையின் தலையில் விழும்.

ஆக, யார் வாங்கலாம்? கிணறோ குழாயோ உள்ள, நல்ல தண்ணீர் கிடைக்கும், தனக்கென்று கொடி கட்ட முடிந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பொதி தயங்காமல் வாங்கலாம். முதலில் ஒன்றை வாங்கிப் பழகிவிட்டு மற்றதை எடுப்பது நல்லது. சவர்த்தண்ணீர் ஊர்களில் இருப்பவர்கள் மழைநீர் சேமிக்க வழியிருந்தால் மட்டும் வாங்கவும். மலையகத்தில் பகல் அணையாடைகளை மட்டும் எடுத்து, இரவுக்கு இரண்டு பகல் அணையாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது, தடித்த ஒன்றை உலர்த்தப் போராடுவதைவிட மேல். பிரசவத்துக்குப் பின்னும், கருப்பைக் கட்டியால் மிகுதியாக இரத்தம் போகும்போதும் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அப்படிப் போகிறவர்கள் குடும்பநல மருத்துவிச்சியிடமோ மருத்துவரிடமோ கட்டாயம் பேச வேண்டும்.

குழுவிடம் நான் கேட்டிருப்பவை சில. உள்மடிப்புகளை அணையாடையோடு சேர்த்துத் தைக்காமல், தனியே கழற்றித் துவைக்கும்படி ஒரு பை போல அமைத்தால், மலையகக் குளிரிலும் ஒரே நாளில் உலரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் உள்ளாடைக்கு ஏற்ற சிறிய அளவு ஒன்று வேண்டும். இப்போதைய சிறகு அவர்களுக்கு அகலம், பொத்தான் தளர்ந்து சுழல்கிறது. மேல் துணிக்கு வெளிர்நிறத்தை விட்டு அடர்சிவப்போ மண்நிறமோ எடுத்தால், பழங்கறை தெரியாது, கொடியில் போடுபவருக்கும் கூச்சம் குறையும். துண்டுப்பிரசுரத்தைப் பெரிய எழுத்தில், படத்தோடு அச்சிட வேண்டும். கழற்றித் துவைக்கும் மாதிரி ஒன்றைத் தைத்துவிட்டதாகக் குழுவினர் போன கிழமை தொலைபேசியில் சொன்னார்கள். அடுத்த பாடசாலைத் தவணை தொடங்கும்போது, அதில் ஒன்றை விடுதிச் சன்னலில் மூடுபனிக்குள் தொங்கவிட்டு, உலர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.